கொழும்புக்குப் போகுமோ? திருகோணமலையில் சொகுசு மின் எஸ்யூவி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

உவர்மலையில் இருக்கும் அண்ணை ஒருவர் போன மாதம் தொலைபேசி எடுத்தார். நிலாவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறார். "தம்பி, ஒருக்கா வந்து வீட்டு மீற்றரைப் பாருங்கோ. பெரிய கரண்ட் வாகனம் ஒண்டு எடுக்கிற யோசனை இருக்கு" என்றார். வயரிங் வேலையில் என் காலம் பாதி போய்விட்டது. வாகனம் எடுக்குமுன் மீற்றரைப் பார்க்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் வாகனம் வந்து இறங்கிய பிறகே கூப்பிடுவார்கள்.

கேற்றடியில் இருந்த மீற்றர்ப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. உள்ளே பித்தளை முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது, கடற்காற்று செய்கிற வேலை. பிரதான சுவிட்சுக்கு வரும் வயரின் நுனியில் இரண்டு விரற்கடை அளவுக்கு உறை பழுப்பாகியிருந்தது. ஏசி மூன்றும் ஒன்றாக ஓடும் இரவுகளில் அந்த இடம் சூடாகியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. எர்த் கம்பியைப் பிடித்திருந்த கிளிப் கையோடு கழன்று வந்தது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை பின்னால் நின்று கேட்டார்: "ஒரு சார்ஜில கொழும்புக்குப் போகுமோ?"

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்லச் சுலபமான கேள்வியும் இதுதான். கடினமான கேள்வி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். விற்பனையாளர் காட்டும் தாளில் இருக்கும் தூரமோ இதைவிட மிகப் பெரியது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 50 ஐரோப்பியச் சோதனைப்படி 630 கிலோமீற்றர் வரை ஓடும் என்று எழுதியிருக்கும். அதே வாகனத்துக்கு அமெரிக்கச் சோதனை தந்தது 521. ஜகுவார் ஐபேஸுக்கு ஐரோப்பாவில் 470, அமெரிக்காவில் 377. 2019இல் வந்த அவுடி இ-ட்ரோன் ஐரோப்பியத் தாளில் 400ஐத் தாண்டியது, அமெரிக்கத் தாளில் 328இல் நின்றது. எந்தத் தாளிலும் பொய் இல்லை. சோதனை முறைகள் வேறு, அவ்வளவுதான். வாங்குபவர் சிறிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

ஆனால் நம் வீதிக்கு இரண்டு தாள்களும் முழுதாகப் பொருந்தாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 120 கிலோமீற்றரில் ஓடும் நாடுகளில் பற்றரியைத் தின்பது அதுதான். நாங்கள் கந்தளாய் வீதியில் 70ஐத் தாண்டக் கூடாது. தம்புள்ளைச் சந்தைப் பக்கம் லொறிகளுக்குப் பின்னால் 30இல் ஊர்ந்தாலும் ஆச்சரியமில்லை. பெற்றோல் எஞ்சினுக்கு இந்த ஊர்தல் பெரும் நட்டம். மின் மோட்டருக்கு அப்படி இல்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சக்தி பற்றரிக்குத் திரும்பியும் வருகிறது.

எங்கள் பக்கம் ஆளை ஏமாற்றுவது வேறொன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் வாகனத்துக்குள் ஏறிப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஏசி முதல் பத்து நிமிடம் பல கிலோவாட் இழுக்கும். பிறகு 1 அல்லது 1.5 கிலோவாட்டில் நிலைக்கும். குறைவாகத் தெரியும், ஆனால் கொழும்புப் பயணம் ஐந்தரை மணித்தியாலம். ஒரு கிலோவாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். 1.5 கிலோவாட்டில் ஐந்தரை மணித்தியாலம் ஏசி ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல் போய்விடும். அது வாகனம் 35 கிலோமீற்றர் ஓடக்கூடிய சக்தி. மெதுவாகப் போகப் போக, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏசி கேட்கும் பங்கு கூடும். ஐரோப்பாவில் வேகமும் பனியும் செய்வதை இங்கே வெயிலும் நெரிசலும் செய்கின்றன.

இரண்டரைத் தொன் எடையுள்ள இந்த வகை வாகனத்துக்கு நம் வீதியில் 100 கிலோமீற்றருக்கு 20 யூனிட் ஓட்டத்துக்கும் 3 யூனிட் ஏசிக்கும் என்று நான் கணக்கு வைக்கிறேன். கொழும்புக்கு 60 யூனிட். ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 50இல் பயன்படுத்தக்கூடிய பற்றரி 105 யூனிட், பழைய அவுடி இ-ட்ரோன் 55இல் 86.5, ஐபேஸில் 84.7. எல்லாமே போகும். எதிலும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை.

அண்ணையின் முகம் மலர்ந்தது. நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அந்தக் கணக்கு புதிய பற்றரிக்கும், நூற்றிலிருந்து பூச்சியம் வரை ஓட்டுகிறவருக்கும் உரியது. அப்படி யாரும் ஓட்டுவதில்லை. பற்றரி நாள்பட உழைக்க 80 வீதம் வரைதான் நிரப்புவார்கள், 10 வீதத்துக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். ஏழெட்டு வயதான, 15 வீதம் தேய்ந்த இ-ட்ரோன் ஒன்றை எடுங்கள். 86.5 யூனிட் 73 ஆகியிருக்கும். அதில் 70 வீதம் 51 யூனிட். 23ஆல் பிரித்தால் 222 கிலோமீற்றர். கொழும்புக்குக் குருநாகல் தாண்டி மூச்சு வாங்கும். நீண்ட பயணத்துக்கு முதல் இரவு மட்டும் நூறு வரை நிரப்பினால் பிரச்சினை இல்லை. பழைய வாகனம் வாங்குகிறவர் இந்த 222ஐத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மற்ற ஊர்களுக்கும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 235 கிலோமீற்றர், புதிய பற்றரியில் ஒருவழி போகும். மட்டக்களப்பு போய்த் திரும்ப 270 வரும், புதிய பற்றரியில் தாராளம். ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு 2,600 கிலோ வாகனத்தை ஏற்ற, தூரத்துக்குரிய செலவுக்கு மேலாக 13 யூனிட் தேவை. இறங்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வரும். மேலே பற்றரியை நூறுக்கு நிரப்பிவிட்டு இறங்கினால் அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூரம் தீர்ந்தது. இனிச் சார்ஜ்.

வீதியோரச் சார்ஜரைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. வாகனத்தின் தாளில் "195 கிலோவாட்" என்று இருந்தால் எங்கே சொருகினாலும் 195 வரும் என்று நினைக்கிறார்கள். வாகனமும் சார்ஜரும் பேசி, இரண்டில் சிறியதற்கு ஒத்துக்கொள்ளும். ஐஎக்ஸ் 50 கிலோவாட் சார்ஜரில் நின்றால் 50தான். 10 வீதத்திலிருந்து 80 வீதம் வரை 74 யூனிட் ஏற ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். 195 தருகிற இடத்தில் அதே வேலை 35 நிமிடத்தில் முடியும். வீட்டில் வருவது போன்ற மாறுதிசை மின்சாரம் தரும் 22 கிலோவாட் கம்பத்தில் சொருகினாலும், வாகனத்துக்குள் இருக்கும் மாற்றி 11 கிலோவாட் என்றால் 11 மட்டும்தான் ஏறும். பெரிய பற்றரியோடு மெதுவான சார்ஜரில் நிற்பது, பெரிய தாங்கியைக் குழாயடியில் வைத்து நிரப்புவது போல.

அடுத்தது சொருகி. 2014, 2015 காலத்தில் நாட்டுக்குள் வந்த நிசான் லீஃப்களுக்காகச் சாடெமோ சொருகியோடு சார்ஜர்கள் வைக்கப்பட்டன. ஐரோப்பியச் சொகுசு வாகனங்கள் சிசிஎஸ் 2 சொருகி கேட்பவை. சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்து, பிறகு இங்கே கொண்டு வரப்படும் வாகனங்களில் ஜிபி/டி சொருகி இருக்கும். சொருகி பொருந்தாவிட்டால் சார்ஜர் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. நீங்கள் பார்க்கும் வாகனத்தின் சார்ஜ் மூடியைத் திறந்து படம் எடுங்கள். கொழும்பு வீதியில் நீங்கள் நம்பியிருக்கும் சார்ஜரின் படத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

விரைவுச் சார்ஜர்கள் கொழும்பைச் சுற்றித்தான் செறிவு. கிழக்குக்கு வர வர ஐதாகின்றன. அதிலும் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட பகுதி காட்டு யானைகள் வீதி கடக்கும் இடம். இரவில் அங்கே பற்றரியின் கடைசி 10 வீதத்தோடு நிற்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது. கொழும்பிலிருந்து திரும்பும்போது தம்புள்ளையைத் தாண்டுமுன் பற்றரியில் 40 வீதமாவது வைத்திருங்கள். வழியில் இருக்கும் சார்ஜர் வேலை செய்கிறதா என்று புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே திருகோணமலையில் இருக்கிறவரின் உண்மையான சார்ஜர் வீட்டுச் சுவரில்தான் இருக்கும். வாகனம் இரவில் படுக்கும் இடம் எது, அங்கே என்ன மின்சாரம் இருக்கிறது என்பதுதான் முழுக் கதையையும் தீர்மானிக்கும்.

அண்ணை வீட்டின் 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பை 230 வோல்ட்டால் பெருக்கினால் 6.9 கிலோவாட். முழு வீட்டுக்கும் அதுதான். மூன்று ஏசி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர் எல்லாம் அதற்குள். வாகனத்தோடு வரும் கையடக்கச் சார்ஜரைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் போட்டால் 2.3 கிலோவாட் அளவில் இழுக்கும். ஐஎக்ஸின் பற்றரியை அதில் முழுதாக நிரப்ப இரண்டு நாள். நேரம் போனால் போகட்டும். பிளக்குக்கு அது நல்லதல்ல. 13 அம்பியர் பிளக் கேத்தலுக்கு ஐந்து நிமிடம் சூடு தாங்கும். இரவு முழுக்க 10 அம்பியர் தொடர்ந்து ஓடினால், கடற்காற்றில் பச்சை பூத்த முனை சூடேறி பிளக் உருகும். அப்படி உருகிய பிளக்குகள் இரண்டை நானே கழற்றியிருக்கிறேன். கரிந்த பிளாஸ்டிக் வாடை ஒரு கிழமைக்கு அறையை விட்டுப் போகவில்லை.

சுவரில் முறையான சார்ஜர் வைத்து, தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த் எல்லாம் செய்து 16 அம்பியரில் கட்டுப்படுத்தினால் 3.7 கிலோவாட் கிடைக்கும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணித்தியாலம் போட்டால் 26 யூனிட். இழப்புப் போக 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். உவர்மலைக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு நாளில் இரண்டு முறை போய்வந்தாலும் அந்த நூறு தீராது. அன்றாட ஓட்டத்துக்கு இந்தச் சாதாரண வேகமே போதும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பெற்றோல் செட்டில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிப் பழகிய மனம் அது. வாகனம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் சும்மா நிற்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

கிழமைக்கு இரண்டு தரம் கொழும்பு போகிறவருக்குத்தான் த்ரீ பேஸ், அதாவது மூன்று மின்கம்பிகளில் வரும் இணைப்பு, தேவை. அப்போது 11 கிலோவாட்டில் அதே ஏழு மணித்தியாலத்தில் 77 யூனிட் ஏறும், 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை யூனிட் மலிவாகும் நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவு செய்யவும் த்ரீ பேஸ் இணைப்பு வேண்டும். சிங்கிள் பேஸ் வீடுகளில் கட்டணம் படிமுறைப்படி ஏறும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மிக உயர்ந்த படியில்தான் வாகனம் குடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் விழும். மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடினால் வாகனம் மட்டும் 300 யூனிட் கேட்கும். வீட்டு பில் எந்தப் படியில் நிற்கும் என்று பாருங்கள்.

கூரைச் சூரியத் தகடு இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வெயிலில் 5 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 20 யூனிட் அளவு தரும், 80 கிலோமீற்றர். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரத்துக்குக் கேள்வி குறைந்ததால் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். வெயிலில் பிறந்த மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலை எனக்கு மனதை உறுத்தியது. பகலில் விடுதி வாசலில் நிற்கும் வாகனம் அதை வாங்கி வைக்கக்கூடிய பாத்திரம். நிலாவெளி விடுதிக்காரருக்கு இந்த வாய்ப்பு வீட்டில் இருப்பவரைவிட அதிகம், அவருடைய வாகனம் பகலில் கூரைக்குக் கீழேயே நிற்கிறது.

இனிப் பணம். இங்கே நான் அண்ணைக்குப் பிடிக்காததைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். மின் வாகனத்துக்கான உற்பத்தி வரி மோட்டரின் வலுவைப் பார்த்து, ஒரு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது. வலு கூடக் கூட அந்த ஒரு கிலோவாட்டுக்கான தொகையும் படிப்படியாக ஏறும். அதற்கு மேல் இறக்குமதித் தீர்வை, 18 வீத பெறுமதி சேர் வரி. 60 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பெறுமதிக்கு 60 வீத சொகுசு வரி. சொகுசு எஸ்யூவிகளின் மோட்டர்கள் இ-ட்ரோன் 55இல் 300, ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 50இல் 385 கிலோவாட். ஆகவே இவை வரியின் உச்சிப் படியில் போய் உட்கார்கின்றன. அந்த வலுவை நீங்கள் எங்கே பாவிக்கப் போகிறீர்கள்? 70இல் ஓட வேண்டிய கந்தளாய் வீதியில் 385 கிலோவாட்டுக்கு வேலை இல்லை. வரி மட்டும் முழுதாகக் கட்டியாகிவிட்டது. 2025இல் சுங்கத்தில் ஒரு பெருந்தொகை மின் வாகனங்கள் மறிக்கப்பட்டு, மோட்டர் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று வழக்குவரை போனது. அந்த ஒரு எண்ணில் எவ்வளவு பணம் தொங்குகிறது என்பதற்கு அது போதும்.

ஓட்டச் செலவில் மின்சாரம் வெல்வது உண்மை. யூனிட் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீற்றருக்கு 25 யூனிட், 1,500 ரூபாய். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் எஸ்யூவிக்கு, லீற்றர் 300 ரூபாய் என்றால் 3,750. வித்தியாசம் 2,250. வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடினால் 3 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாய் மிச்சம். நல்ல தொகைதான். கோடிகளில் விலை போகும் வாகனத்துக்கு அந்த மிச்சம் வட்டிக்கும் காணாது. பெற்றோல் காசு மிஞ்சும் என்ற காரணத்துக்காக யாரும் சொகுசு மின் எஸ்யூவி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கணக்கு 100 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டரும் 50, 60 யூனிட் பற்றரியும் கொண்ட சின்ன வாகனத்தில்தான் தேறும்.

மின் வாகனத்துக்குச் சேர்விஸ் செலவு இல்லை என்கிறார்கள். எண்ணெய் மாற்றுவது இல்லைதான். ஆனால் இரண்டரைத் தொன் எடையும் 21 அங்குல வீலும் சேர்ந்தால் ரயர் தேயும். குழியில் விழுந்து ஒரு ரயர் வெடித்தால் அதே அளவு ரயர் திருகோணமலைக் கடையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம், கொழும்பிலிருந்து வர வேண்டும். சஸ்பென்ஷனில் காற்றுப் பைகள் உள்ள வாகனம் என்றால் உப்புக் காற்று அதையும் சும்மா விடாது. கிழமைக்கு ஒருக்கா அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

பற்றரியைப் பற்றிய பயம் இந்த நாட்டில் லீஃபிலிருந்து வந்தது. அந்தப் பழைய லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. எங்கள் வெப்பத்தில் வேகமாகத் தேய்ந்தது. இன்று வரும் சொகுசு எஸ்யூவிகளில் பற்றரிக்குள் குளிர்திரவம் ஓடுகிறது, அந்தப் பயத்தை அப்படியே இவற்றின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. ஆனாலும் நூறு வீதம் நிரப்பி மூன்று நாள் வெயிலில் நிறுத்தினால் எந்த பற்றரியும் தேயும். நிழல் வேண்டும். வேப்ப மரத்தடி, தகரக் கொட்டகை, எதுவானாலும் சரி. எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் வரை பற்றரி 70 வீதத்துக்குக் கீழே தேயாது என்ற உத்தரவாதம் இந்த வகையில் வழக்கமானது. அந்த உத்தரவாதம் இங்கே, உங்கள் வாகனத்துக்கு, யாரால் நிறைவேற்றப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் பாவித்த வாகனத்தைத் தனியாக இறக்கியவருக்கு அந்தத் தாள் பயன்படாமல் போகலாம்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 2022ஐ இழுத்தார். "அந்தப் பெற்றோல் வரிசையை மறந்திட்டீங்களே?" மறக்கவில்லை. சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் துண்டோடு இரவிரவாகச் செட் வாசலில் படுத்துக் கிடந்தோம். மின் வாகனம் வைத்திருந்தவர்கள் அன்று அந்த வரிசையில் நிற்கவில்லை. ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பகலில் முழு நாடும் இருண்டது. இரண்டில் ஒன்றுக்குத் தப்பினால் மற்றது பிடிக்கும். வீட்டில் ஒரு பெற்றோல் வாகனமும் ஒரு மின் வாகனமும் இருப்பவருக்குத்தான் அந்த நிம்மதி முழுதாகக் கிடைக்கும். சம்பூரில் சூரிய மின் நிலையம் எழும்பினாலும் அது நாட்டின் மின்வலையில்தான் சேரும், வலை அறுந்தால் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கும் இருட்டுத்தான்.

கடைசியில் அண்ணையிடம் கேட்டேன், கொழும்புக்கு மாதம் எத்தனை முறை போகிறீர்கள் என்று. யோசித்துவிட்டு "ரெண்டு" என்றார். மற்ற நாட்கள் உவர்மலை, சந்தை, உப்புவெளி, நிலாவெளி. நாளுக்கு 40 கிலோமீற்றர் வரும். விருந்தினரைச் சீனக்குடா ரயில் நிலையத்திலிருந்தும் சில நேரம் கட்டுநாயக்காவிலிருந்தும் ஏற்ற வேண்டும், அவர்களுக்குப் பெரிய, அமைதியான வாகனம் வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். அது நியாயம்தான். விருந்தினருக்குக் கொடுக்கும் சுகத்துக்காக வாங்குவதென்றால் அதைத் தொழில் செலவாகப் போட்டுப் பார்க்கட்டும், ஓர் அறையின் வாடகையோடு ஒப்பிடட்டும்.

அன்று நான் பச்சை பூத்த முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கினேன். பழுப்பேறிய வயரை நல்ல இடம் வரை வெட்டி மாற்றினேன். புதிய எர்த் கம்பி அடிக்க இடம் பார்த்தோம், கிணற்றடியில் ஈரமண் இருக்கிறது. வாகனத்துக்கு முற்பணம் இன்னும் கட்டவில்லை. த்ரீ பேஸ் இணைப்புக்கான விண்ணப்பப் படிவத்தை அண்ணை நிரப்பி மேசையில் வைத்திருக்கிறார். சார்ஜர் வீட்டுச் சுவரில் வரப்போகிறதா, விடுதிச் சுவரில் வரப்போகிறதா என்று முடிவு செய்தவுடன் முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.